உலக உருண்டையில் சேரி எங்கே?



பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுச்சொல் வந்து சேர்ந்திருக்கிறது. 'உலகக் குடிமகன்'. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்று ஒரு உட்பிரிவு. 2030க்குள் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் மனித உரிமை, பெண் ஆண் சமத்துவம், அமைதி, சுற்றுச்சூழல், உலகக் குடிமை எல்லாம் கற்றுத்தரப்பட வேண்டும் என்கிறது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே சொல்லை எடுத்துப் போட்டுக்கொண்டது. சொல் நல்ல சொல்தான். சொல்லோடு நமக்குச் சண்டையில்லை. அது பெரம்பலூரிலும் அரியலூரிலும் வகுப்பறைக்குள் எந்த வேசத்தில் வருகிறது என்பதில்தான் சண்டை.

எப்படி வருகிறது? ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். ஒரு மரக்கன்று, சுற்றி நின்று ஒரு போட்டோ. டிசம்பர் 10 மனித உரிமை நாள். காலைக் கூட்டத்தில் உறுதிமொழி, கையை நீட்டிக்கொண்டு. அப்புறம் ஓவியப் போட்டி. தலைப்பு 'புவி வெப்பமாதல்'. பிள்ளைகள் உருகுகிற பனிப்பாறையையும் அதன்மேல் தனியாக நிற்கிற வெள்ளைக் கரடியையும் வரைகிறார்கள். பனியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை வரைகிறது. அது உட்கார்ந்திருக்கிற வகுப்பறையின் சன்னல் கம்பியில் சிமெண்ட் தூசி படிந்திருக்கிறது. வெளியே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வரிசை போகிறது. கரடிக்கு முதல் பரிசு.

இதைத்தான் நான் கேட்கிறேன். தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிற உலக உருண்டையில் சேரி எங்கே இருக்கிறது? அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கம் எங்கே இருக்கிறது? துபாய்க்குப் போன அப்பன் எங்கே இருக்கிறான்? உலகத்தைப் பாடமாக்க வேண்டும் என்கிறவர்கள் உலகத்தைத் தூரத்தில் வைத்தே காட்டுகிறார்கள். தூரத்தில் இருக்கிற அநியாயத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவது சுலபம். பக்கத்தில் இருப்பதை மறைப்பதற்கு அது வசதியும்கூட.

*

முதலில் ரசாயன வகுப்புக்குப் போவோம்.

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடல். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடல். கல்லங்குறிச்சி பக்கம் தோண்டினால் கல்லாகிப்போன சிப்பிகள் கூடைகூடையாய்க் கிடைக்கும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள்தான் சுண்ணாம்புக்கல். அந்தச் சுண்ணாம்புக்கல்லைத் தேடித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்து உட்கார்ந்தன. அரசு ஆலையும் உண்டு, பெருமுதலாளிகளின் ஆலைகளும் உண்டு.

இப்போது பாடப்புத்தகத்தில் இருக்கிற சமன்பாட்டையே எடுங்கள். கால்சியம் கார்பனேட்டைச் சூடுபடுத்தினால் கால்சியம் ஆக்சைடும் கரியமில வாயுவும் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மனப்பாடம். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். இது கணக்கு. ஆறேழு கோடி வருசத்துக்கு முன்னால் கடல் உயிர் தன் ஓட்டுக்குள் பூட்டிவைத்த கரி, இன்றைக்குச் சூளையில் வெந்து வானத்துக்குப் போகிறது. சூளையை எரிக்கப் போடுகிற நிலக்கரியின் புகை இதற்கு மேலே. உலகம் முழுக்க மனிதர்கள் வெளியேற்றுகிற கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

ஆக, வெள்ளைக் கரடி நிற்கிற பனிப்பாறை உருகுவதற்கான காரணங்களில் ஒன்று இந்தப் பிள்ளையின் ஊரிலேயே இருக்கிறது. இதை ஒரு ஆசிரியர் சொல்லிவிட்டாரென்றால் அடுத்த கேள்வி தானாய் வரும். சுரங்கத்துக்கு யார் நிலம் போனது? எந்த விலைக்குப் போனது? நிலமே இல்லாமல், அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கிப் பிழைத்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? ஆலைக்குள்ளே நிரந்தர வேலை யாருக்கு, காண்ட்ராக்ட்காரனிடம் மூட்டை தூக்குகிற வேலை யாருக்கு? இதற்கெல்லாம் பதில் பாடப்புத்தகத்தில் இல்லை. பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்க வேண்டும். கேட்கட்டும்.

அறிவியல் வகுப்புக்கு இன்னொன்று. பெரம்பலூர் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம். 2018இல் அந்தச் சோளத்தைப் படைப்புழு அழித்தது. அந்தப் புழு அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது, 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டது, அதே வருசம் நம்ம காட்டுக்குள் வந்துவிட்டது. விசா கேட்கவில்லை. 'உலகமயமாதல்' என்றால் என்ன என்று இதைவிடப் பச்சையாய் எப்படிச் சொல்ல முடியும்? அதற்கு முந்தைய வருசம், 2017இல், பெரம்பலூர் பருத்திக்காட்டில் பூச்சிமருந்து அடித்தவர்கள் நஞ்சேறிச் செத்தார்கள். அதே பருவத்தில் மகாராட்டிரத்து யவத்மாலிலும் செத்தார்கள். ஐரோப்பாவில் கூடாதென்று தள்ளிய மருந்துகள் சில அந்த நாளில் நம்ம ஊர்க் கடையில் சாதாரணமாய்க் கிடைத்தன. மோனோகுரோட்டோபாஸ் அதில் ஒன்று. மருந்தை அடிக்கிற கை யார் கை? முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தெளிப்பானைச் சுமக்கிற முதுகு யார் முதுகு? உயிரியல் ஆசிரியர் நரம்பு மண்டலம் நடத்துகிற அன்றைக்கு இந்த மருந்து நரம்பில் என்ன செய்கிறது என்று பத்து நிமிசம் பேசினால் போதும். அது உலகப் பிரச்சினை, உள்ளூர்ப் பிரச்சினை, சேரிப் பிரச்சினை, பாடப்பகுதி. நாலும் ஒன்றுதான்.

*

வரலாற்று வகுப்புக்கு வருவோம். அங்கே உலகம் ஏற்கெனவே இருக்கிறது, ரொம்பப் பெருமையாய் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராசேந்திரன் 1025 வாக்கில் கடல் கடந்து கடாரம் கொண்டான் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித் தருகிறோம். கப்பல் படம் வரையச் சொல்கிறோம். சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகிறோம்.

சரி, அந்தக் கல்வெட்டுப் பக்கமே கொஞ்சம் திரும்புங்கள். ராசேந்திரனின் தகப்பன் ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் ஊர்நத்தத்தோடு சேர்த்து, வரி கழித்த இடங்களின் வரிசையில் 'பறைச்சேரி' வருகிறது, 'தீண்டாச்சேரி' வருகிறது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின கல். கப்பல் கடாரத்துக்குப் போன காலத்தில் சேரி எங்கே இருந்ததென்று அந்தக் கல்லே சொல்கிறது. அதை எந்தச் சுற்றுலாவில் காட்டினோம்?

கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அதே மலேயாவுக்கு இன்னொரு முறை கப்பல் போனது. ராசா போகவில்லை. கங்காணி பிடித்துக்கொடுத்த கூலிகள் போனார்கள். அன்றைய திருச்சி சில்லா அந்தக் கூலிக் கப்பலுக்கு ஆள் கொடுத்த முக்கியமான சில்லாக்களில் ஒன்று. இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அந்தச் சில்லாவுக்குள் இருந்தவை. போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத நம்ம சனம். ரப்பர் காட்டில் பால் வெட்டினார்கள். 1938இல்தான் இந்திய அரசு அந்தக் கூலி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்குப் பிறகு யுத்தத்தில் சப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில்பாதையில், 1942 - 43இல், தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். ராசா போன கடாரத்துக்கு ஒரு அத்தியாயம். கூலி போன கடாரத்துக்கு ஒரு பத்தியாவது வேண்டாமா? இந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டன் எந்தக் கப்பலில் போயிருப்பான்?

இன்றைக்கும் கப்பலுக்குப் பதில் விமானம். அவ்வளவுதான். இந்த இரண்டு மாவட்டத்திலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. அங்கே 'கஃபாலா' என்று ஒரு முறை. வேலைக்குப் போகிறவனின் தங்கும் உரிமை முதலாளியின் கையெழுத்தோடு கட்டப்பட்டிருக்கும். சட்டங்கள் மாறிவருகின்றன, சில நாடுகள் தளர்த்தியிருக்கின்றன என்றாலும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது நின்றபாடில்லை. பண்ணையாள் என்றால் என்ன என்று தெரிந்த வீட்டுக்குக் கஃபாலாவை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. 'அங்கயும் அதே கததான்' என்று கிழவி சொல்லிவிடும். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையும் கஃபாலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குடிமையியல் பாடம் நடத்தலாம். நடத்துகிற ஆசிரியருக்குப் பொருள் கையில் வேண்டும்.

*

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உலகப் பிரச்சினை என்று எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தீர்மானிக்கிறவர் யார்?

1946இல் ஐக்கிய நாடுகள் பொது அவையின் முதல் கூட்டத்தொடர். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நிறத்தின் பேரால் இழிவாக நடத்தப்படுகிறார்கள் என்று இந்தியா புகார் கொண்டுபோனது. தென்னாப்பிரிக்கா என்ன பதில் சொன்னது? இது எங்கள் உள்நாட்டு விவகாரம், நீங்கள் தலையிடாதீர்கள் என்றது. இந்தியா ஒப்புக்கொள்ளவில்லை. மனித உரிமை மறுக்கப்பட்டால் அது உலகத்தின் விவகாரம் என்று வாதாடி அவையில் வென்றது. அருமையான வாதம். 1965இல் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டபோது இனம், நிறம் என்ற வார்த்தைகளோடு 'வம்சாவளி' என்ற வார்த்தையையும் சேர்க்கச் சொன்னது இந்தியாதான்.

2001 ஆகஸ்டு கடைசியில், செப்டம்பர் முதல் வாரத்தில், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு. தலித் மனித உரிமை அமைப்புகள் சாதியைப் பற்றிப் பேச வேண்டும் என்று போய் நின்றன. இந்திய அரசு என்ன சொன்னது? சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது. 1946இல் வெள்ளையன் சொன்ன அதே பதில்! மாநாட்டின் இறுதி ஆவணத்தில் சாதி என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்த வருசமே, 2002இல், அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கிற ஐ.நா. குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதிவிட்டது.

இந்த மூன்று வருசங்களையும், 1946, 1965, 2001, கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒரு வகுப்பு நடத்திப் பாருங்கள். நம்ம பாடங்களில் மண்டேலா வருகிறார். நல்லது. நிறவெறி வருகிறது. நல்லது. கறுப்பருக்குத் தனி பெஞ்சு, தனிக் குழாய், தனிப் பள்ளிக்கூடம் என்று படித்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த ஆச்சரியத்தோடு மணி அடித்துவிடுகிறது. தனிக் குவளையைப் பற்றி, தனிச் சுடுகாட்டைப் பற்றி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருவைப் பற்றிப் பேசுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஐம்பது வருசமாய் அந்த மணி சரியாய் அதே நேரத்துக்கு அடிக்கிறது!

2010 சூலையில் தண்ணீரும் கழிப்பிடமும் மனித உரிமை என்று ஐ.நா. பொது அவை தீர்மானம் போட்டது. 2022 டிசம்பரில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. தீர்மானத்தையும் தொட்டியையும் சேர்த்துப் பேசாத 'உலகக் குடிமை'யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நம்ம முன்னோர்களுக்கு இந்தத் தடுமாற்றம் இருந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' கோலார் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல வருசம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய் இருந்துவிட்டு வந்தவர், 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். அம்பேத்கர் 1946இல், இந்தியா ஐ.நா.வில் நிறவெறியைப் பேசிய அதே வருசம், அமெரிக்கக் கறுப்பர்களின் அறிஞர் டூ போய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்தபோது அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சேரிக்கு உலகம் புதுசில்லை. ஊர்தான் குறுக்கே நின்று மறைத்தது.

*

ஆசிரியர்களைத் திட்டித் தீர்ப்பது சுலபம். அதை நான் செய்யப்போவதில்லை. பெரம்பலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினேன். சொன்னதை அப்படியே தருகிறேன்.

ஒருத்தர் சொன்னார்: "சிலபஸ் முடிக்கவே நேரம் பத்தல தோழர். எமிஸ்ல ஏத்துறதுக்கே பாதி நாள் போயிடுது. இதுல உலகத்த எங்க கொண்டாந்து வைக்கிறது?"

இன்னொருத்தர்: "பேசலாம்னு ஆசதான். தமிழ்ல எதாவது கைல இருந்தா குடுங்க. இருக்கிறதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, இல்லன்னா அமெரிக்காக்காரன் கத."

மூன்றாமவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "சாதின்னு வாயத் தொறந்தா மறுநாள் ஊர்லேர்ந்து நாலு பேர் வந்து எச்செம் ரூம்ல நிக்கிறாங்க. அப்புறம் ஒரு மொட்டக் கடுதாசி. அப்புறம் டிரான்ஸ்ஃபர்."

கடைசியாக ஒரு அம்மா பேசினார். நம்ம சனம். இருபது வருச சர்வீஸ். "அவங்க சாதியப் பத்திப் பேசுனா அது பொதுப் பேச்சு. நான் பேசுனா 'டீச்சர் தன் சாதிக்காகப் பேசுது'ன்னு ஆயிடும். ஸ்கூல் இருக்கிற ஊர்ல எனக்கு வாடகைக்கு வீடு கெடைக்கல. தெனம் நாப்பது கிலோமீட்டர் பஸ்ல வந்து போறேன். என்ன உலகக் குடிமகன்னு சொல்லச் சொல்றீங்க?"

அந்த அம்மாவின் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை. நேரம், பொருள், பயம், தனிமை. ஆசிரியருக்கு உதவி என்றால் இந்த நாலுக்கும் உதவ வேண்டும். பொருளை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் பயத்தோடும் தனிமையோடும் அவரை விட்டுவந்தால் அது உதவி ஆகாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஐ.நா. 1995 முதல் 2004 வரை மனித உரிமைக் கல்விக்கான பத்தாண்டு என்று அறிவித்தது. மதுரை மக்கள் கண்காணிப்பகம் 1997இல் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தனிப் புத்தகம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் போனது. பிறகு வேறு மாநிலங்களுக்கும் பரவியது. இதைப் பேராசிரியர் மோனிஷா பஜாஜ் ஊர் ஊராய்ப் போய் ஆராய்ந்து 2012இல் புத்தகமாய் எழுதியிருக்கிறார். பல ஆசிரியர்கள் முதலில் இதை 'டைம்பாஸ்' என்றுதான் நினைத்தார்களாம். பயிற்சி முடிந்து, புத்தகத்தை நடத்த நடத்த, பிரம்பைக் கீழே போட்டவர்கள் உண்டு, தங்கள் வீட்டுக்குள்ளேயே நடத்தையை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் அநியாயத்தைத் தட்டிக் கேட்கப் போனார்கள். அதற்காக அடியும் ஏச்சும் வாங்கினவர்களும் உண்டு. ஆசிரியர் கூட நின்ற இடத்தில் கேள்வி நிலைத்தது.

அந்த அமைப்பின் கதை அதோடு முடியவில்லை. அதன் தாய் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதி பெறும் உரிமம் 2012இல் நிறுத்திவைக்கப்பட்டது, 2016இல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. டெல்லியிலிருந்து ஒரு தாள் வந்தால் நின்றுபோகிற பணத்தின் மேல் நம்ம பிள்ளைகளின் கல்வியைக் கட்டிவைக்க முடியாது. கையெழுத்துப் பத்திரிகை நடத்தின சனம் நாம். இருபது ரூபாய் ஜெராக்சில் ஒரு பாடத்தை ஊர் ஊராய்க் கொண்டுபோக முடியும்.

*

அரசு என்ன செய்தது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறத்தில் கையில் கயிறு கட்டுகிறார்கள் என்று 2019 சூலையில் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் பழைய நடைமுறையே தொடரும் என்று துறை அமைச்சர் பின்வாங்கினார். நாலு வருசம் போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு. 2024 சூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று பலதும் அதில் இருக்கிறது.

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் வகுப்பு வெள்ளைப் பிள்ளைகளை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து ஒரு பயிற்சி நடத்தினார். ஒதுக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட. ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி சொல்லப்படுகிற உதாரணம். நம்ம வகுப்பறையில் அப்படி ஒரு விளையாட்டை யாரும் ஏற்பாடு செய்யத் தேவையில்லை. கயிறு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அதனால் இதில் ஈடுபடுகிற ஆசிரியர்களிடம் கண்டிப்பாய் ஒன்று சொல்கிறேன். சேரிப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி 'உன் அனுபவத்தைச் சொல்லு' என்று கேட்காதீர்கள். அது கல்வி இல்லை, காட்சிப்பொருளாக்குவது. நாற்பது பேர் முன்னால் தன் அவமானத்தைத் தானே ஒப்பிக்க வைப்பது. கேள்வியை எதிர்ப்பக்கம் போடுங்கள். 'உன் வீட்டில் வேலைக்கு வருகிறவர்கள் எதில் தண்ணீர் குடிக்கிறார்கள்? உங்கள் தெருச் சாமி எந்தத் தெரு வரைக்கும் ஊர்வலம் போகிறது? நம்ம பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவ யாரைக் கூப்பிடுகிறார்கள்?' ஊர்ப் பிள்ளை யோசிக்கட்டும். தென்னாப்பிரிக்காவில் வெள்ளைப் பிள்ளை யோசித்திருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

*

இப்போது நம்ம வேலை. இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் நீங்கள்தான் இதைப் படிக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன்.

ஒன்று. தனிப் பாடவேளை கேட்டுக் காத்திருக்க வேண்டாம். இருக்கிற பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்கத் துணைத்தாள், தமிழில், பிள்ளைக்குப் புரிகிற பேச்சில். சுண்ணாம்புக்கல், படைப்புழு, கூலிக்கப்பல், டர்பன் என்று மேலே நான் சொன்ன நாலும் நாலு தாள். வேதியியல் படிக்கிற மாணவர் ஒன்றை எழுதுங்கள், வரலாறு படிக்கிறவர் ஒன்றை எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். ஒரு எண் தப்பாய் இருந்தால் ஊர் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடும்.

இரண்டு. ஒன்றியத்துக்கு ஒரு ஆசிரியர் வட்டம். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். பயிற்சி கொடுக்க யாரும் வரவேண்டாம். 'போன மாசம் நான் இதை நடத்தினேன், பிள்ளைகள் இதைக் கேட்டார்கள்' என்று ஒருத்தருக்கொருத்தர் சொன்னால் போதும். தனியாய் இருக்கிற ஆசிரியர்தான் பயப்படுகிறார்.

மூன்று. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தொடங்குங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகளோடு உட்காரப் பெரும்பாலும் யாரும் இல்லை. கல்லூரி மாணவர்கள் வாரம் ஒரு நாள் போகலாம். வார்டனிடம் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

நான்கு. இதுதான் கடினம். வகுப்பில் பேசியதற்காக ஒரு ஆசிரியருக்குப் புகார் வந்தால், மொட்டைக் கடிதம் வந்தால், மறுநாளே முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் நாம் நிற்க வேண்டும். சங்கத்தைக் கூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பாடமாய் நடத்தியது எப்படிக் குற்றம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஊர்லேர்ந்து நாலு பேர் வந்தால் சேரிலேர்ந்து நாற்பது பேர் வர வேண்டும். சத்தமில்லாமல், மனுவோடு. அந்த அம்மாவுக்கு வாடகை வீடு தேடித் தருவதும் இந்த நாலாவது வேலையில் அடக்கம். அதைச் செய்ய முடியாத இயக்கம் டர்பனைப் பற்றிப் பேசி என்ன புண்ணியம்?

அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை நாம் 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். மூட்டை தூக்குகிற அப்பாவின் மகள். 1200க்கு 1176 வாங்கிய பிள்ளை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நின்ற பிள்ளை. உயர்கல்வி தகுதியின் அடிப்படையில் எல்லாருக்கும் சமமாய்த் திறந்திருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு சொல்கிறது. 1979இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 'தகுதி என்றால் என்ன, அளக்கிற கோல் யார் கையில்?' என்று கேட்கிற ஒரு வகுப்பு அவளுடைய மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் நடக்க வேண்டும். அனிதாவுக்குச் சிலையோ அரங்கமோ யார் வேண்டுமானாலும் வைக்கட்டும். வகுப்பை நாம்தான் வைக்க வேண்டும்.

வருகிற கல்வியாண்டு திறப்பதற்குள் நாலு தாளும் தயாராக வேண்டும். எழுத முன்வருகிறவர்கள் எழுதுங்கள். ஆசிரியத் தோழர்கள் உங்கள் பாடத்தின் பெயரையும் வகுப்பையும் சொல்லுங்கள். இந்தப் பத்திரிகையின் நடுப்பக்கம் இனி உங்களுக்கு. கிழித்தெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோகிற மாதிரி அச்சடிப்போம்.

ஜெய் பீம்!

- ஆசிரியர்